முத்திரை விழுந்த தபால் வண்டி

போன வாரம் மேஜை மேல் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, இந்த வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள் இல்லையா, அங்கிருந்து ஆரம்பிப்போம். குண்டூசியைப் பெற்றவர் எழுதிய கடிதம் அது. மூன்று வருஷமாக ஒரு போன் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. இப்போது திடுதிப்பென்று, "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மகளைப் பார்க்க வேண்டும்" என்று நான்கே வரி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நடுவில் ஒரு வியாழக்கிழமை வந்து நிற்கிறதே, அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

இந்த வாரம்தான் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குண்டூசிக்குப் பதினோரு வயது. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று இருக்கும், அதனால் அந்தப் பெயர். அவள் அம்மா மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த அம்மா மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டாளே, அவர்தான் நம் பெட்டிக்காரர். அட்டைப்பெட்டி ஆலையில் பதினெட்டு வருஷம். முதலில் வெட்டுகிற மேஜை, இப்போது சரிபார்க்கிற மேஜை. அவருக்கும் ஒரு பையன் உண்டு. ஏழு வயது, உருண்டையாக இருப்பான், பட்டாணி.

பட்டாணிக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டாவது வாரமே புது அம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டு, மடியிலும் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

குண்டூசியோ, எட்டு மாதமாகப் பெட்டிக்காரரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனுஷரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் காலம் தள்ளுவதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! பக்கத்தில் போய் நின்று "இங்க பாருங்க" என்பாள். தூரத்தில் இருந்தால், "டேய் பட்டாணி, உங்கப்பாவைக் கூப்பிடு" என்பாள். பட்டாணி வீட்டில் இல்லையென்றால் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். பெட்டிக்காரரும் தட்டுச் சத்தத்துக்கு மரியாதை கொடுத்து வந்து நிற்பார். ஒரு நாள்கூட அவர் ஏன் என்று கேட்டதில்லை.

அதற்காக ஏக்கம் இல்லாமல் போய்விடுமா? பட்டாணி "அப்பா" என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் கண் ஒரு தடவை குண்டூசி பக்கம் போய்விட்டுத்தான் திரும்பும். அதை அவர் மனைவி மட்டும் பார்த்திருக்கிறாள்.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் பழங்கால வண்டிப் போட்டி. எல்லாம் வீட்டில் தூக்கிப்போடுகிற சாமானில் செய்ய வேண்டும். எதையும் புதிதாக வாங்கக்கூடாது. பிள்ளைகளே செய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் உதவலாம், அதுவும் கத்தி பிடிக்க மட்டும். வண்டி ஒரு கிலோ எடையைச் சுமந்துகொண்டு மண்டபத்தின் அந்தக் கோடிவரை ஓட வேண்டும்.

குண்டூசி தேர்ந்தெடுத்தது தபால் வண்டி. மோட்டார் வருவதற்கு முன்னால் குதிரைகள் இழுத்துக்கொண்டு போன நாலு சக்கர வண்டி.

"ராஜா ரதம் செய்யேன், பளபளன்னு இருக்கும்" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"ரதத்துல ராஜா மட்டும்தான்மா போவார். இதுல ஊர்ல இருக்கற எல்லார் சமாச்சாரமும் போகும்" என்று மகள் வாயை அடைத்துவிட்டாள்.

மூன்று வாரம் சமையலறை மேஜை அவர்கள் வசம். மருந்துக்கடையிலிருந்து இருமல் மருந்துப் பெட்டிகள் வந்தன. சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, உடைந்த குடையின் கம்பி, கிழிந்த சைக்கிள் டியூப், பழைய ஷூவின் கயிறு, எல்லாம் வந்து குவிந்தன. கம்பி அச்சானது, டியூப் சக்கரத்துக்குப் பட்டையானது, ஷூ கயிறு கடிவாளமானது. இரண்டு குதிரைகளையும் செய்தித்தாளைச் சுருட்டிப் பட்டாணி செய்தான். ஒன்று குதிரை மாதிரி இருந்தது. இன்னொன்று எலிக்குப் பக்கத்து வீடு.

பசை மட்டும் கிடையாது. அது பெட்டிக்காரர் சொன்ன ஒரே நிபந்தனை. ஒரு துண்டில் நாக்கு, இன்னொரு துண்டில் வாய். நாக்கை வாய்க்குள் விட்டுத் தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அச்சடித்த பக்கம் உள்ளே போக வேண்டும், வெறும் பக்கம் வெளியே வர வேண்டும், அப்போதுதான் வர்ணம் பிடிக்கும். இதெல்லாம் ஆலை வழக்கம். சொல்லிக்கொடுத்துவிட்டு, கத்தியை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடு போட்டது, மடித்தது, பூட்டியது எல்லாம் குண்டூசி.

ஒவ்வொரு நாளும் முடிந்ததைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பாள். அவர் திருப்பிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். கடைசியில் "பார்ப்போம்" என்பார்.

அதுதான் அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்ச வார்த்தை. அவள் முதல் தடவை சமைத்துப் போட்டபோதும் "பார்ப்போம்"தான். கணக்கில் நூறு வாங்கி வந்தபோதும் "பார்ப்போம்"தான். இனிமேல் என்னத்தைப் பார்ப்பது என்று குண்டூசி அம்மாவிடம் பொருமியிருக்கிறாள்.

வியாழன் காலை. வண்டி மேஜை மேல் தயாராக நின்றது. குண்டூசி தலை பின்னிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் பெரியவர்கள் பேசுவது கேட்டது.

"ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போறேன்மா. கேட்டு வாங்கிட்டேன்."

"லீவு நாள்ல எதுக்குங்க வேலை?"

"அவர் வர்றப்போ நான் நடுவுல எதுக்கு? பாப்பா சங்கடப்படாம பேசட்டும்."

"உங்க வீட்டை விட்டு நீங்களே ஓடறீங்களா?"

"ஓடலை, வேலைக்குப் போறேன்" என்றார் பெட்டிக்காரர். சொல்லிவிட்டு மேஜைப் பக்கம் வந்து வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, ஒவ்வொரு பூட்டாக அழுத்திப் பார்த்தார். எதையாவது கையில் வைத்துக்கொண்டால்தான் அவருக்கு மூச்சு விட வரும்.

குண்டூசி பின்னலை முடித்துக்கொண்டு போட்டிப் படிவத்தை நிரப்பினாள். வண்டியின் பெயர், பயன்படுத்திய பொருட்கள், உதவியவர் செய்த வேலை, எல்லாம் எழுதினாள். உதவியவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே வந்து நின்றது. பிறகு அதைத் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டது.

அம்மா பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மண்டபத்தில் சரியான கூட்டம். பெற்றவர்களுக்குப் பின்பக்கம் பெஞ்சு போட்டிருந்தார்கள். மேஜைகளில் மூன்று நீராவி ரயில், இரண்டு ரதம், ஒரு பீரங்கி வண்டி. பீரங்கியின் குழாய் வந்ததிலிருந்து கழன்று விழுந்துகொண்டே இருந்தது.

நடுவராக வந்தவர் அருங்காட்சியகத்து அம்மா. மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. தலையில் இருப்பது எழுத்தைப் படிக்க, மூக்கில் இருப்பது ஆளைப் படிக்க என்று பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள்.

தபால் வண்டியின் முறை வந்தது. ஒரு கிலோ மணல் மூட்டையை ஏற்றினார்கள். குண்டூசி ஒரு தள்ளுத் தள்ளினாள். இரண்டு குதிரையும், ஒன்று அசல் ஒன்று எலி, தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பின. வண்டி நேராகப் போனது. பாதியில் நிற்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. கோடியில் இருந்த சுவரில் போய் முட்டித்தான் நின்றது.

கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பட்டாணி பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினான். "என் குதிரை! அது என் குதிரை!"

நடுவரம்மா வண்டியைக் கையில் எடுத்தார். கதவைத் திறந்து மூடினார். விளிம்பைத் தடவினார். இவ்வளவு சுத்தமான வேலையா என்று முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது. வண்டியைக் கவிழ்த்தார். தலைமேல் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

வண்டியின் அடிப்பலகையில், நட்டநடுவில், நீல மையில் வட்டமாக ஒரு முத்திரை.

"'சரிபார்க்கப்பட்டது. மேஜை நான்கு. அனுப்பலாம்'" என்று உரக்கப் படித்தார். "என்னம்மா இது? ஆலை முத்திரை குத்தியிருக்கு! இது விலைக்கு வாங்கின சாமானா?"

மண்டபத்தில் தலைகள் எல்லாம் மேஜைப் பக்கம் நீண்டன.

பின்பெஞ்சில் பெட்டிக்காரரின் கை தன் சட்டைப்பைக்குப் போனது. எப்போதும் கூடவே வைத்திருக்கும் ஆலை முத்திரைக் கட்டை உள்ளே இருந்தது. விரலில் நீல மை. காலையில் திருப்பிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது, அதற்கு அப்புறம் கை என்ன செய்யும்? பதினெட்டு வருஷமாக என்ன செய்ததோ அதையே செய்திருக்கிறது. குத்தியதே அவருக்கு ஞாபகம் இல்லை.

"அடப்பாவி மனுஷா" என்று தன்னையே திட்டிக்கொண்டார். "குழந்தை உழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே!"

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"நான்தான் குத்தினேன்மா."

பக்கத்து ரயிலின் அப்பா முன்பெஞ்சிலிருந்து, "அதானே பார்த்தேன், ஆலையிலேருந்தே வந்திருக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

இப்போது குண்டூசியைப் பாருங்கள். அவளும் முத்திரையை அப்போதுதான் பார்க்கிறாள். அழுவாள் என்றுதான் அம்மா பாதி எழுந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

ஏனென்றால் அவளுக்கு அந்த முத்திரையைத் தெரியும். ஒரு பள்ளி விடுமுறை நாளில் பெட்டிக்காரர் அவளை ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான்காவது மேஜை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தாள். பத்துப் பெட்டி வந்தால் மூன்று திரும்பிப் போகும். மூலை ஒரு நூல் விலகினாலும் போச்சு. மேலாளரே வந்து "விட்டுடுங்களேன்" என்று கேட்டபோதும் மனுஷர் குத்தவில்லை. சரியாக இருந்தால்தான் அந்தக் கட்டை கீழே இறங்கும்.

மூன்று வாரமாகப் "பார்ப்போம்" என்று சொன்னவர் பார்த்து முடித்துவிட்டார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"மேடம், இது விலைக்கு வாங்கினது இல்லை" என்றாள். குரல் கணீரென்று வந்தது. "நான் செஞ்சது. முத்திரை மட்டும் அவர் குத்தினது. அவர் சும்மா குத்த மாட்டார். தப்பு இருந்தா யார் சொன்னாலும் குத்த மாட்டார்."

"அவர்னா யாரு?"

"எனக்குக் கத்தி பிடிச்சவர்."

நடுவரம்மா படிவத்தைப் பார்த்தார். "உறவுங்கற கட்டம் காலியா இருக்கே?"

"வண்டியைப் பிரிச்சுக் காட்டவா மேடம்?" என்றாள் குண்டூசி. எட்டு மாதப் பழக்கம், சந்து கிடைத்தால் நுழைந்துவிடுவாள்.

பிரித்தாள். டக், டக் என்று நாக்குகள் வாயை விட்டுக் கழன்றன. கூரை வந்தது, கதவு வந்தது, சக்கரம் நாலும் வந்தன. ஒவ்வொரு துண்டையும் திருப்பி மேஜையில் வைத்தாள். அரக்கு வர்ண வண்டிக்குள்ளிருந்து சோப்பு விளம்பரம் சிரித்தது. கதவின் உள்பக்கம் "குலுக்கிவிட்டுக் குடிக்கவும்" என்றது இருமல் மருந்து. வண்டிக்காரர் இருக்கைக்குள் பாதி பிஸ்கட் படம்.

மண்டபம் சிரித்துத் தீர்த்தது. நடுவரம்மாவும் சிரித்துவிட்டார். "சரி, தூக்கிப்போட்ட சாமான்தான், ஒத்துக்கறேன். ஆனா நீதான் செஞ்சேன்னு நான் எப்படி நம்பறது? திருப்பி மாட்டு பார்ப்போம்."

"மாட்டறேன்."

மாட்டிக்கொண்டே வாய் ஓயாமல் விளக்கினாள். வழியில் அங்கங்கே களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டு வேறு குதிரை பூட்டுவார்கள், கடிதத்தைக் காவல் காக்கிறவர் பின்னால் உட்கார்ந்து ஊதுகொம்பு ஊதுவார், ஊதினால் மற்ற வண்டியெல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும். கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. நடுவரம்மா கேள்வி கேட்பதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசித் துண்டு, அச்சைத் தாங்குகிற பட்டை. அதை மாட்டிவிட்டால் முடிந்தது. அவசரத்தில் கோணலாகத் தள்ளிவிட்டாள். சரக்கென்று நாக்கு கிழிந்துபோனது.

குண்டூசி கிழிந்த துண்டைப் பார்த்தபடி நின்றாள். அச்சு இல்லாமல் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"புதுசா ஒண்ணு வெட்டணும் மேடம். நாங்க வண்டியை வெச்சுக் கொண்டுவந்த பெட்டி அங்க இருக்கு, அதுலேருந்து வெட்டலாம்."

"வெட்டு. ஆனா கத்தி உன் உதவியாளர்தான் பிடிக்கணும், அது விதி. கூப்பிடு அவரை."

கூப்பிடு அவரை!

குண்டூசி திரும்பினாள். பெட்டிக்காரர் கடைசி பெஞ்சில், குனிந்த தலை நிமிராமல், நீலமான விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் "இங்க பாருங்க" என்று சொல்ல வழியில்லை, நடுவில் மண்டபமே இருக்கிறது. தூது அனுப்பலாம் என்றால் பட்டாணியும் அங்கேதான் இருக்கிறான். தட்டிக் காட்டத் தட்டும் இல்லை.

நூறு பேர் காத்திருந்தார்கள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குண்டூசி கிழிந்த துண்டை மேஜையில் வைத்தாள்.

"அப்பா!"

மண்டபத்தில் இருந்த அப்பாக்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ரயில் அப்பா நிமிர்ந்தார், ரத அப்பா நிமிர்ந்தார், பீரங்கி அப்பா பாதி எழுந்தே விட்டார். நம் பெட்டிக்காரர் ஒருத்தர்தான் அசையவில்லை. யாரோ ஒரு குழந்தை தன் அப்பாவைக் கூப்பிடுகிறது, அந்த ஆள் எங்கே போய்த் தொலைந்தான் என்பதுபோல் பின்னால் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"ஏங்க" என்று மனைவி அவர் விலாவில் இடித்தாள். "உங்களைத்தாங்க!"

"என்னையா?"

"அப்பா, வாங்கப்பா! கத்தி எடுத்துட்டு வாங்க!"

எழுந்தார். நடந்தார். எந்தப் பெஞ்சில் இடித்துக்கொண்டார் என்று அவரைக் கேட்டால் தெரியாது. மேஜைக்கு வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்தார். கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு, ஒரு வேலையாள் மாதிரி பணிவாகக் கேட்டார்.

"எப்படி வெட்டணும் பாப்பா?"

"அட்டைக்குள்ள இருக்கற நெளிவு குறுக்கே வரணும். நாக்கு ரெண்டு விரல் அகலம். கோடு போட்டுத் தரேன், அதை விட்டு வெளியே போகாதீங்க."

"சரிம்மா."

கோட்டை விட்டு ஒரு மயிரிழை போகவில்லை. அவள் வாங்கி மடித்தாள், நேராகத் தள்ளினாள். டக். வண்டி நிமிர்ந்து நின்றது. இந்தத் தடவை தள்ளியபோது வண்டி சுவரை முட்டி, ஒரு அடி திரும்பியும் வந்தது.

முதல் பரிசு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டுமா? சொல்கிறேன், அதில் எனக்கென்ன கஞ்சத்தனம். குண்டூசிக்குத்தான். அதோடு விடவில்லை. வண்டியை அடுத்த வாரத்திலிருந்து ஒரு மாதம் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் அறையில் வைக்கப்போவதாக நடுவரம்மா அறிவித்தார்.

"அடியில இருக்கற முத்திரையை அழிச்சிட மாட்டீங்களே?" என்றாள் குண்டூசி.

"அழிக்கறதாவது! கீழே ஒரு முகம் பார்க்கற கண்ணாடி வெச்சிடறேன். வர்றவங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றார் அவர். பிறகு படிவத்தை நீட்டினார். "இந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடு, எனக்குக் கணக்கு முடிக்கணும்."

குண்டூசி பேனாவை வாங்கி மூன்றே எழுத்து எழுதினாள்.

வீடு வரைக்கும் பட்டாணிதான் வண்டியைத் தூக்கி வந்தான். எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி அடிப்பக்கத்தைக் காட்டினான். அம்மா எதற்கெடுத்தாலும் சிரித்தாள். பெட்டிக்காரர் நாலு அடிக்கு ஒரு தடவை தொண்டையைச் செருமினார். மாலை வெயில் தெருவில் இன்னும் மிச்சம் இருந்தது.

தெரு திரும்பியதும் அம்மாவின் சிரிப்பு நின்றது.

வீட்டு வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் பளபளக் காகிதம் சுற்றிய பெரிய பரிசுப் பெட்டி. பெட்டிக்காரர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பெட்டியின் நசுங்கிய மூலைதான். ஆளை அப்புறம்தான் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமைன்னுதானே எழுதியிருந்தார்?" என்றாள் அம்மா மெதுவாக.

பெட்டிக்காரரின் நடை தயங்கியது. "நீங்க போங்கம்மா. நான் பட்டாணியைக் கூட்டிக்கிட்டு அப்படிக் கடைப்பக்கம் போயிட்டு வரேன்."

குண்டூசி வாசற்படியைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அந்த முகம் கொஞ்சம் மாறியிருந்தது. அவரிடம் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. கேட்கத்தான் போகிறாள். ஆனால் அதற்கு முன்னால் கதவைத் திறக்க வேண்டும்.

"அப்பா" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

படியில் இருந்தவர் சட்டென்று எழுந்து நின்றார். கை நீண்டது.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்று குண்டூசி முடித்தாள்.

இந்தத் தடவை பெட்டிக்காரர் யாரையென்று திரும்பிப் பார்க்கவில்லை. "இருக்கும்மா" என்று சட்டைப்பைக்குள் கையை விட்டபடி, நேராக வாசலை நோக்கி நடந்தார்.